இரண்டு மணி பத்து நிமிஷம்

இரண்டு மணி பத்து நிமிஷம்தான் என்று கோகிலா சொல்லாத போன் கிடையாது. நல்லா இருக்கியா என்று கேட்பதற்கு முன்னாலேயே அதைச் சொல்லிவிடுவாள். "ரெண்டு மணி பத்து நிமிஷந்தாங்க்கா. நீ தாம்பரத்துல பஸ் ஏறி பாரீஸ்ல இறங்குற நேரம். மூணு நாள் கப்பல்ல கெடந்து வாந்தியெடுத்துட்டு வந்த காலமெல்லாம் போச்சு. காலைல உன் வீட்டுல காப்பியக் குடி, மத்தியானம் எங்க வீட்டுல சோறு தின்னு." இருபத்து மூன்று வருஷமாக மரகதம் அதற்கு ஒரே பதிலைத்தான் வைத்திருந்தாள்: "வாரேன், வாரேன்." இப்போது வருகிறாள். ஐம்பத்தொன்பது வயதில் முதல் தடவையாக விமானத்தில் உட்கார்ந்திருக்கிறாள். இடுப்புப் பட்டையை மாட்டத் தெரியாமல் தடவிக்கொண்டிருந்தபோது பக்கத்து இருக்கைப் பெண்தான் குனிந்து மாட்டிவிட்டாள். மடியில் கைப்பை. கைப்பைக்குள் அரக்கு நிறத்தில் ஒரு பட்டுப்புடவை. போர்ட் பிளேரில் நேற்று மத்தியானம் மூன்றரை மணிக்குச் செத்துப்போன தங்கைக்குப் போர்த்துவதற்கான பிறந்த வீட்டுக் கோடி அது. அப்பா அம்மா இல்லை, அண்ணன் தம்பி என்று யாரும் பிறக்கவில்லை. கோகிலாவின் பிறந்த வீடு என்று இந்த உலகத்தில் மிச்சமிருந்தது மரகதம் ஒருத்திதான்.

விமானம் ஓடுபாதையில் ஓடத் தொடங்கியது. எழும்பியதும் காது அடைத்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு, பழவந்தாங்கல் இப்போது கீழே போய்க்கொண்டிருக்கும், நம் வீட்டு மொட்டைமாடி போய்க்கொண்டிருக்கும் என்று நினைத்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்தச் சத்தத்துக்கு அடியிலேயே குடியிருந்தவள். விமானம் தாழப் பறந்தால் சமையலறையில் டம்ளர்கள் நடுங்கும். பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தி, அது போனதும் விட்ட இடத்திலிருந்து பேசுவார்கள். கோகிலா போனில் பேசும்போதும் அப்படித்தான். "அந்தா போகுது பாரு, எங்க ஊருக்குத்தான் வருது, ஓடிப்போய் ஏறிக்கோ," என்று சிரிப்பாள். வீட்டிலிருந்து விமான நிலையத்துக்கு ஆட்டோவில் பத்து நிமிஷம். பத்து நிமிஷம், பிறகு இரண்டு மணி பத்து நிமிஷம். இதற்கு இருபத்து மூன்று வருஷம் எப்படி ஆகும்? மாமியார் படுத்த படுக்கை, பையனுக்குப் பரீட்சை, அவருக்கு ரத்த அழுத்தம், மழைக்காலம், பயம். எல்லாம் நிஜமான காரணங்கள்தான். ஒன்றுகூடப் பொய் இல்லை. பொய் ஒன்றே ஒன்றுதான். அது ஏப்ரல் மாசத்தில் சொன்னது. வேண்டாம், அதை இப்போது நினைக்க வேண்டாம், இவ்வளவு உயரத்தில் வைத்து அதை நினைத்தால் மூச்சு முட்டும்.

"ஏனுங்க ஆன்ட்டி, தண்ணி வேணுமுங்களா?" பக்கத்துப் பெண் கேட்டாள். இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயது இருக்கும். கழுத்தில் மஞ்சள் கயிறு இன்னும் நிறம் மங்கவில்லை, முழங்கை வரைக்கும் மருதாணி. அவளுக்கு அந்தப் பக்கம் அவள் புருஷன், ஈரோட்டுப் பையன், போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தான். முன் வரிசையிலும் இதே மாதிரி ஒரு ஜோடி, பின் வரிசையிலும் ஒரு ஜோடி. அந்தமான் என்றால் இவர்களுக்குத் தேனிலவு. இத்தனை மருதாணிக் கைகளுக்கு நடுவில் சாவுக்குப் போகிறவள் தான் ஒருத்தியாகத்தான் இருக்கும் என்று மரகதத்துக்குத் தோன்றியது. அந்தப் பெண் கேட்டாள், "நீங்களும் டூர்ங்களா?" "இல்லம்மா, தங்கச்சி வீட்டுக்கு." வாய் அப்படித்தான் சொன்னது. செத்துப்போன தங்கச்சி என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்தக் குழந்தையின் முகம் மாறும், புருஷன் காதில் கிசுகிசுப்பாள், நல்ல காரியத்துக்குப் போகிற நேரத்தில் இப்படி ஒரு பக்கத்து இருக்கையா என்று மனசுக்குள் ஒரு சுணக்கம் வரும். "எத்தனை கிலோமீட்டருங்க?" என்று அவள் புருஷனைக் கேட்டாள். "ஆயிரத்து முந்நூத்தி எழுபது. பத்து இருபதுக்கு எறங்கிருவோம்," என்றான். ஆயிரத்து முந்நூற்று எழுபது. கோகிலா இந்தக் கணக்கை ஒருநாளும் சொன்னதில்லை. தூரத்தைச் சொன்னால் அக்கா பயப்படுவாள் என்று நேரத்தை மட்டுமே சொல்லியிருக்கிறாள்.

ஏப்ரல் மாசத்தில் தூரம் இந்தப் பக்கமாக வந்தது. கோகிலாவுக்குக் கர்ப்பப்பையில் கட்டி, சென்னைக்குப் போய்க் காட்டுங்கள் என்று அங்கே டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். "பதினஞ்சு நாளு இருக்கும்போலக்கா, உன் வீட்டுல தங்கிக்கிடட்டுமா?" என்று கேட்டாள். அக்காவிடம் கேட்க வேண்டிய கேள்வியா அது? வாரேன் என்று சொல்லிவிட்டு வந்து நிற்க வேண்டியதுதானே? அவள் கேட்டாள். மரகதம் அன்றைக்குச் சமையலறையில் நின்றுகொண்டிருந்தாள். மாமியார் செத்து மூன்று மாசம் ஆகியிருந்தது. நாலு வருஷம் படுக்கையில் கிடந்த உடம்பைப் புரட்டிப் புரட்டி, துடைத்துத் துடைத்து, மலமும் டெட்டாலும் கலந்த அந்த வாடை நாசியை விட்டு அப்போதுதான் மெல்லப் போய்க்கொண்டிருந்தது. காலையில் எழுந்ததும் செய்ய ஒன்றுமில்லை என்கிற சுகத்தை அப்போதுதான் உடம்பு பழகிக்கொண்டிருந்தது. இன்னொரு கட்டில், இன்னொரு பேசின், இன்னொரு மருந்துச் சீட்டு. "வீட்டுல பெயிண்ட் அடிக்கிறாங்க கோகி," என்றாள். யோசித்துச் சொல்லவில்லை. தும்மல் மாதிரி வந்துவிட்டது. "சாமானெல்லாம் நடுவுல கெடக்கு. அந்த வாசனை வேற உனக்கு ஆகாது." அந்தப் பக்கம் ஒரு நொடி. ஒரே ஒரு நொடி. பிறகு கோகிலா, "ஆமாமா, எனக்கு ஆகாதுதான். ஆசுபத்திரி பக்கத்துலயே ஒரு லாட்ஜ் பாத்துக்கிடுதோம்க்கா, அதுதான் சௌகரியமும்," என்றாள். அக்காவுக்குச் சங்கடமாக இருக்கக் கூடாதே என்று அவளே காரணத்தையும் எடுத்துக் கொடுத்தாள். வெறுப்பா அது? இல்லை. சத்தியமாக இல்லை. களைப்பு. யாரிடம் போய்ச் சொல்வது, களைப்புதான் என்று? செத்துப்போனவளிடமா?

தட்டில் ஏதோ வைத்துக் கொடுத்தார்கள். மரகதம் வேண்டாமென்றாள். ஜன்னலுக்கு வெளியே மேகத்தின் முதுகு வெயிலில் வெள்ளையாக எரிந்தது. இதற்கு அடியில்தான் வங்கக்கடலில் தாழ்வு மண்டலம் என்று டிவியில் நேற்று சொன்னார்கள். அவருக்கும் சேர்த்து டிக்கெட் தேடினான் பையன், ஒன்றுதான் கிடைத்தது. "நீ போயிடுவியா?" என்று அவர் கேட்டார். போயிடுவியா. கோகிலா லாட்ஜில் பதினோரு நாள் இருந்தாள். மரகதம் மூன்று நாள் ஆஸ்பத்திரிக்குப் போனாள், தூக்குச் சட்டியில் ரசமும் சாதமும் எடுத்துக்கொண்டு போனாள், போகாமல் இல்லை. ஒன்பதாம் நாள் சாயங்காலம் கோகிலா வீட்டுக்கே வந்துவிட்டாள். சொல்லாமல் வந்தாள். அவள் புருஷன் பூவலிங்கம் ஆட்டோவைப் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்க, தங்கை மட்டும் மெல்லப் படியேறி உள்ளே வந்து, "ஒரு மணி நேரந்தாங்க்கா, வீட்டைப் பாக்காமப் போக மனசு வரல," என்று கூடத்தில் உட்கார்ந்தாள். ஆறு வருஷமாகச் சுண்ணாம்புகூடப் பார்க்காத கூடம். மாமியார் கட்டில் கிடந்த இடத்தில், கிழவியின் தலை சாய்ந்து சாய்ந்து எண்ணெய்க்கறை வட்டமாகச் சுவரில் அப்படியே இருந்தது. மரகதம் காப்பி போடுகிறேன் என்று உள்ளே ஓடினாள். பால் பொங்குகிற வரைக்கும் அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். திரும்பி வந்தபோது கோகிலா எழுந்து போய் அந்தச் சுவரில் உள்ளங்கையை வைத்து நின்றுகொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்து, "கலர் நல்லா இருக்குக்கா," என்றாள்.

கலர் நல்லா இருக்குக்கா. குத்திக்காட்டினாளா? குத்திக்காட்டுகிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. சின்ன வயசில் கோவில்பட்டியில் ஒரே பாவாடையை இரண்டு பேரும் மாற்றி மாற்றிக் கட்டியபோதுகூட, கிழித்தது யார் என்று அம்மா கேட்டால் அவளே முன்னால் வந்து நிற்பாள். கண்ணில் மருந்து மயக்கம், நிறம் தெரிந்திருக்காது, நிஜமாகவே புதுப் பெயிண்ட் என்று நினைத்திருப்பாள். எண்ணெய்க்கறையின் மேல் கையை வைத்துக்கொண்டா? தெரிந்துதான் சொன்னாள். தெரிந்து, அக்கா சொன்ன பொய்யைத் தன் வாயால் உண்மையாக்கிவிட்டுப் போகலாம் என்று சொன்னாள். இனி யாரும் இதைப் பேச வேண்டாம் என்று சொன்னாள். அல்லது அப்படிக்கூட இல்லாமல், ஏதாவது சொல்ல வேண்டுமே என்று சொன்னாள். ஏழு மாசமாக மரகதம் இந்த மூன்றுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தாள். நேரில் போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், கோகி, அன்னைக்கு நான் பொய் சொல்லிட்டேன் என்று. போன வாரம் கோகிலாவின் மகள் வெண்மதி கூப்பிட்டாள்: "பெரியம்மா, அம்மா உங்களையே கேக்கிறாங்க, எப்ப வருவீங்க?" "ஞாயித்துக்கிழமை வாரேன்னு சொல்லும்மா." ஞாயிற்றுக்கிழமைக்கு டிக்கெட் போடச் சொல்லவில்லை. போய் அந்த முகத்தைப் பார்க்க வேண்டுமே என்று நாளைத் தள்ளினாள். நேற்று புதன்கிழமை.

திடீரென்று விமானம் கீழே விழுந்தது மாதிரி இருந்தது. விழவில்லை, குலுங்கியது. மறுபடி குலுங்கியது. பின்னால் யாரோ "ஐயோ" என்றார்கள். வெள்ளை வெளிச்சம் போய் ஜன்னல் முழுக்கச் சாம்பல் அப்பிக்கொண்டது. மரகதம் முன் இருக்கையைப் பற்றிக்கொண்டாள். மணி பத்தே கால். இன்னும் ஐந்து நிமிஷம். சாம்பல் ஓரிடத்தில் கிழிந்தது, கீழே கரும்பச்சையாகக் காடு தெரிந்தது, அதன் விளிம்பில் நுரை, நுரைக்கு மேலே மேட்டில் தகரக் கூரைகள், சிவப்பும் நீலமுமாக, கைக்கெட்டும் தூரத்தில். "அதா பாருங்க, வந்திருச்சு!" என்று மருதாணிக் கை அவள் மடிக்கு மேலே நீண்டு கண்ணாடியைத் தொட்டது. வந்துவிட்டது. அந்தக் கூரைகளில் ஒன்றுக்குக் கீழேதான் அவள் படுத்திருக்கிறாள். மேட்டில் மூணாவது வீடு, வாசலில் முருங்கை நிக்கும், வழி கேக்கவே வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள். மரகதம் முருங்கையைத் தேடினாள். கூரைகள் சரிந்து மேலேறின, இரைச்சல் கூடியது, முதுகு இருக்கையோடு அழுந்தியது, சாம்பல் மறுபடி மூடிக்கொண்டது.

இங்கிலீஷில் ஒரு அறிவிப்பு, இந்தியில் ஒரு அறிவிப்பு. "காத்து பலமா இருக்குதாமா ஆன்ட்டி, ஓடுபாதை தெரியலயாமா. சுத்தீட்டு இருப்பாங்களாமா, கொஞ்சம் நேரம் பாப்பாங்களாமா," என்று அந்தப் பையன் எட்டிச் சொன்னான். விமானம் ஒரு பக்கமாகச் சாய்ந்து வட்டம் போட்டது. கூரைகள் இப்போது நேர் கீழே இருக்கும். சத்தம் அங்கே கேட்கும். வெண்மதி வாசலுக்கு ஓடிவந்து மழையில் அண்ணாந்து பார்ப்பாள். பெரியம்மா வந்தாச்சு என்று உள்ளே போய்ச் சொல்வாள். இரண்டாம் வட்டம். நீங்க வர்ற வரைக்கும் வச்சிருக்கோம் மதினி என்று பூவலிங்கம் நேற்று சொன்னார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர், கணீரென்று பேசுகிறவர், நேற்று குரலே வரவில்லை. எத்தனை மணிக்கு என்றுதான் மரகதம் முதலில் கேட்டாள். போன உயிருக்கு மணி கேட்டு என்ன செய்யப் போகிறோம்? ஆனாலும் கேட்டாள். மூன்றாம் வட்டம். இறக்கிவிடுங்கள், எப்படியாவது இறக்கிவிடுங்கள், ஒருதடவை அந்தக் காலைத் தொட்டுவிடுகிறேன் என்று உதடு முணுமுணுத்தது. அதே நேரம் மனசின் ஏதோ ஒரு மூலை, இறங்கிப் போய் வெண்மதி முகத்தை எப்படிப் பார்ப்பது என்று கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு விமானம் நிமிர்ந்தது. நிமிர்ந்து, மேலே ஏறத் தொடங்கியது. இரண்டாவது அறிவிப்புக்கு யாரும் மொழிபெயர்த்துச் சொல்லத் தேவையிருக்கவில்லை. பின்னால் ஒரே கூச்சல் எழுந்தது. "மெட்ராசுக்கே திரும்பிப் போறாங்களாமா," என்றான் அவன்.

அப்போது நடந்ததைத்தான் மரகதம் பிற்பாடு யாரிடமும் சொல்லவில்லை. திரும்புகிறது என்று தெரிந்த அந்தக் கணத்தில் நெஞ்சிலிருந்து எதையோ இறக்கி வைத்தது மாதிரி அவளுக்கு லேசாக இருந்தது. பார்க்க வேண்டியதில்லை. ஒட்டிப்போன அந்தக் கன்னத்தை, மூடிய அந்தக் கண்ணை, சுற்றி நின்று இதுதான் அந்த அக்கா என்று பார்க்கப் போகிறவர்களை, யாரையும் பார்க்க வேண்டியதில்லை. மழை, காற்று, கடவுள் செயல். போகாமல் இருப்பதற்கு இந்தத் தடவை அவள் பொய் சொல்லத் தேவையில்லை. இது இரண்டு மூச்சு நேரம்தான் இருந்திருக்கும். மூன்றாவது மூச்சில் தனக்குள் என்ன நடந்தது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. ஏப்ரலில் தும்மல் மாதிரி வந்தது இதுதான். களைப்பு என்று ஏழு மாசமாகப் பெயர் வைத்துக் காப்பாற்றி வந்தது இதுதான். களைப்பென்றால் உறங்கி எழுந்தால் போயிருக்க வேண்டும். இது போகவில்லை, அவளோடு சேர்ந்து விமானம் ஏறி இத்தனை தூரம் வந்து, தங்கை செத்துக் கிடக்கிற வீட்டின் உச்சியில் வைத்து நிம்மதிப் பெருமூச்சு விடுகிறது. நான் இப்படித்தானா? எப்போதும் இப்படித்தானா? கோகிக்கு இது தெரியுமா? கையை வைத்துப் பார்த்தாளே, அவளுக்குத் தெரியாமல் இருக்குமா?

பக்கத்தில் விசும்பல் கேட்டது. அந்தப் பெண் மருதாணிக் கைகளால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஒரு வாரம்தான் லீவு, ஹோட்டலில் இன்றைக்குத்தான் அலங்காரமெல்லாம் செய்து வைத்திருப்பார்களாம். புருஷன் சமாதானம் சொல்லத் தெரியாமல் போனையே தடவிக்கொண்டிருந்தான். மரகதத்தின் கை தானாகப் போய் அவள் தலையை வருடியது. "அழாதம்மா. நாளைக்குப் போயிருவீங்க. எங்க போயிரப் போகுது ஊரு?" வருட வருட அந்தப் பெண் அவள் தோளில் சாய்ந்துகொண்டாள். மல்லிகையும் ஷாம்புவும் கலந்த வாசனை. எத்தனை சுலபமாக இருக்கிறது, முன்பின் தெரியாத ஒருத்தியின் தலையை வருடுவது. கண்ணைத் துடைக்கக் கைக்குட்டை எடுப்பதற்காக மரகதம் பையைத் திறந்தபோது புடவையின் சரிகை வெளியே வந்தது. அந்தப் பெண் ஈரக் கண்ணோடு பார்த்து, "புதுசுங்களா ஆன்ட்டி? தங்கச்சிக்குங்களா?" என்றாள். "ஆமா." "நல்ல நெறமுங்க. நீங்களும் வெசனப்படாதீங்க, தங்கச்சிய நாளைக்குப் பாத்துக்கலாமுங்க." மரகதம் தலையை ஆட்டினாள். பாத்துக்கலாம். பையை மூடினாள். அதற்கப்புறம் ஒன்றேமுக்கால் மணி நேரம், வந்த கடலின் மேலேயே திரும்பிப் போகிற வரைக்கும், அந்தப் பெண்ணின் தலை அவள் தோளிலேயே தூங்கிக்கிடந்தது. மரகதம் தோளை அசைக்கவில்லை. கை மரத்துப்போயிற்று. மரத்துப்போன கையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். ஐந்து மணி நேரம் ஆகாயத்தில் இருந்து, புறப்பட்ட இடத்துக்கே வந்து இறங்கினாள்.

ஒன்றே கால் மணி. வெளியே பளீரென்று வெயில். தூசி தட்டியதுபோல் நீல வானம். டிக்கெட் மாற்றுகிற இடத்தில் கூட்டம் முண்டியடித்தது. நாளைக் காலை ஆறு மணிக்கு, அதுவும் வானிலையைப் பொறுத்துத்தான் என்று ஒரு பெண் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். மரகதம் தூண் ஓரமாக ஒதுங்கிப் போனை உயிர்ப்பித்தாள். உடனே அடித்தது. பூவலிங்கம்.

"மதினி, எங்க இருக்கிய?"

"மெட்ராஸ்ல. திருப்பிக் கொண்டுவந்து விட்டுட்டாங்க."

"சத்தம் கேட்டுச்சு மதினி. மேலேயே சுத்துனாப்புல இருந்துச்சு. மேகத்துல ஒண்ணும் தெரியல." மூச்சு வாங்கினார். பின்னால் தகரத்தில் மழை அறைகிற சத்தம். "விடியக்கால நாலு மணிக்குக் கரண்டு போச்சு. ஃபிரீசர் பெட்டி ஓடல. ஐஸ் வச்சுப் பாக்கோம், அது நிக்கல. இங்க நாலரைக்கே இருட்ட ஆரம்பிச்சிரும், மழை வேற. பெரியவங்க எல்லாம் நிக்காங்க. நான் ஒண்ணும் சொல்லல மதினி. அவளுக்குப் பொறந்த வீடுன்னா நீங்கதான். நீங்க என்ன சொல்லுதியளோ அப்படி."

மரகதம் வாயைத் திறந்தாள். நாளைக்கு வருகிறேன், நாளை வரை வைத்திருங்கள் என்று சொல்ல முடியாது என்று தெரியும். கோகி, நான் பெயிண்ட் அடிக்கவில்லை. அதை இவரிடம் சொல்ல முடியுமா? "வெண்மதி எங்க?" என்றாள்.

"பக்கத்துலதான் இருக்கா."

"சாப்பிட்டாளா?"

"இல்ல மதினி."

யாரோ தள்ளுவண்டியை அவள் காலில் மோதிவிட்டு மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார்கள். பூவலிங்கம் காத்திருந்தார். அந்த வீடே காத்திருந்தது. வாரேன் வாரேன் என்று சொன்ன வாய்க்கு அந்த ஒரு வார்த்தை வர வெகுநேரம் ஆயிற்று.

"எடுத்துருங்க," என்றாள் மரகதம்.

பூவலிங்கம் போனை அணைக்காமல் எங்கேயோ வைத்துவிட்டார். தூரத்தில் அவர் குரல் யாருக்கோ ஏதோ சொன்னது. உடனே பெண்களின் அழுகை ஒன்றாக எழுந்தது. அதற்குள் "அம்மா, அம்மா" என்று வெண்மதியின் குரல் மட்டும் தனியாகத் தெரிந்தது. ஆண்கள் "மெல்ல, மெல்ல, படி இருக்கு" என்றார்கள். சங்கு ஊதினார்கள். மரகதம் தூணில் நெற்றியை முட்டிக்கொண்டு போனைக் காதோடு அழுத்தினாள். அழுகை வாசலுக்குப் போயிற்று, தெருவுக்குப் போயிற்று, மழைக்குள் போயிற்று. பிறகு மழை மட்டும் கேட்டது. கட்டிலோ பெஞ்சோ எதையோ இழுத்துப் போட்டார்கள். யாரோ ஒருத்தி வாளியைத் தரையில் வைத்தாள். சளாரென்று தண்ணீர் விழுந்தது. விளக்குமாற்றின் சத்தம் உள்ளறையிலிருந்து கூடத்துக்கும், கூடத்திலிருந்து வாசலுக்கும் மெல்ல மெல்ல நகர்ந்து வந்தது. கழுவி முடிக்கிற வரைக்கும் மரகதம் கேட்டுக்கொண்டே நின்றாள்.